இரத்தம் வரவில்லை என்றால் காயம் இல்லையா?

கேள்வி: கொடுங்கையூர் வாசகர், 9 மார்ச் 2024

எங்கள் பூனை இன்று மாலை மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து விழுந்துவிட்டது. உடனே எழுந்து, தானே படியேறி வந்து, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. உடம்பில் எங்கும் இரத்தம் இல்லை, கத்தவும் இல்லை. பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றித்தான் விழும், நக்கி நக்கியே தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதைத் தொந்தரவு செய்யாதே என்கிறார் என் மாமனார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. இரத்தமே வராத விழுதலுக்கு மருத்துவரைத் தேடி ஓடுவது வீண் செலவு அல்லவா?

9 மார்ச் 2024, இரவு

வீண் செலவு இல்லை. மாமனாரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் பூனையைப் பாருங்கள். தொடுவதற்கு முன்பே, அது படுத்திருக்கும் இடத்திலேயே, மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அமைதியாகப் படுத்திருக்கும் பூனைக்கு அந்த எண்ணிக்கை 30ஐத் தாண்டக் கூடாது. தாண்டினாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு சேர்ந்து இழுத்துக்கொண்டாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நாய் வாயைத் திறந்து இளைப்பது இயல்பு. பூனை அவ்வாறு இளைப்பது ஆபத்தின் அறிகுறி.

துண்டில் இறுக்கிச் சுற்றித் தூக்காதீர்கள், ஏனென்றால் மார்பில் அடி பட்டிருந்தால் அந்த இறுக்கமே மூச்சைத் திணறடித்துவிடும். அடிப்பகுதி உறுதியான அட்டைப்பெட்டியோ மூடியுள்ள துணிக்கூடையோ போதும். வலிக்கு என்று வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது.

10 மார்ச் 2024

காலூன்றி விழும் என்பது பொய்யல்ல. விழும் வழியிலேயே உடலைத் திருப்பி நான்கு கால்களையும் கீழே கொண்டுவந்துவிடும் திறமை பூனைக்கு உண்டு. ஆனால் மூன்று மாடி உயரத்திலிருந்து வரும் வேகத்தை அந்த நான்கு கால்களால் முழுவதும் தாங்க முடிவதில்லை. கால்கள் மடங்கியதும் மார்பும் மோவாயும் தரையில் மோதுகின்றன. மாடியிலிருந்து விழுந்த பூனையிடம் மருத்துவர்கள் கால், மார்பு, முகம் மூன்றையும் சேர்த்தே பரிசோதிப்பது இதனால்தான். வெளியே ஒரு துளி இரத்தமும் இல்லாத பூனையின் வாயைத் திறந்தால் மேலண்ணம் நடுவில் நீளவாக்கில் பிளந்திருப்பதைக் காண்பதுண்டு.

நியூயார்க் நகரில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் வெளியான ஆய்வைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள், ஏறத்தாழ 90 விழுக்காடு பிழைத்துக்கொண்டன என்று. அவை சிகிச்சை பெற்றுப் பிழைத்தவை, அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு உயிர்காக்கும் அவசர சிகிச்சை தேவைப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. மிக உயரத்திலிருந்து விழுந்தவற்றுக்கு அடி குறைவு என்றொரு முடிவும் அதில் இருந்தது. தெருவிலேயே இறந்துபோன பூனைகளை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிவந்திருக்க மாட்டார்கள் என்பதால், அந்த முடிவை நான் நம்புவதில்லை.

அடுத்தது, கட்டிலுக்கு அடியில் படுத்த செய்தி. கேள்வியில் அதை நீங்கள் நல்ல அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை தருகிறது. பூனை எலியை வேட்டையாடும் விலங்கு மட்டுமல்ல, தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகவும் கூடியது. வலியை வெளியே காட்டிய பூனை காட்டில் பிழைத்திருக்க முடியாது. அந்தப் பழக்கம் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. வலிக்கும்போது கத்தாது, ஒளிந்துகொள்ளும்.

11 மார்ச் 2024

பூனையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்க ஒரு முறை இருக்கிறது. மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டது. காதுகள் வெளிப்புறமாகத் திரும்பித் தட்டையாகின்றனவா, கண்கள் இடுங்குகின்றனவா, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகுகிறதா, மீசை தளர்ந்து வளையாமல் நேராக விறைக்கிறதா, தலை தோள்மட்டத்துக்குக் கீழே தாழ்கிறதா என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 10இல் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிமருந்து தேவைப்படலாம் என்று கொள்கிறார்கள். தூங்கும் பூனைக்கோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கோ மதிப்பெண் போடாதீர்கள், எந்தப் பூனையும் தேறாது.

13 மார்ச் 2024

கொடுங்கையூர் வாசகரின் பூனைக்கு எக்ஸ்ரேயில் நுரையீரல் கன்றிப்போயிருப்பது தெரிந்ததாக எழுதியிருக்கிறார். ஆக்சிஜனும் வலிமருந்தும் கொடுத்துக் கூண்டில் ஓய்வில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கன்றல் அடிபட்ட முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மோசமாகக் கூடியது என்பதால், விழுந்த உடனே எடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்பது முடிவான சொல் அல்ல. மறுநாள் மூச்சை மறுபடியும் எண்ண வேண்டும்.

சிறுநீர் போனதே, அப்படியானால் உள்ளே ஒன்றும் கிழியவில்லை என்றுதானே பொருள் என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். அப்படிப் பொருள் இல்லை. சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்த நாயும் பூனையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழித்துக்கொண்டுதான் இருக்கும், மீதி வயிற்றுக்குள் கசியும். ஓரிரு நாளில் வாந்தி, சோர்வு, வயிறு உப்புதல் என்று அது வெளியே வருவதற்குள் உடம்பில் நஞ்சு ஏறியிருக்கும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்தால் இன்னும் விசித்திரம். குடலின் ஒரு பகுதி மார்புக்குள் ஏறியும், சில விலங்குகள் வாரக்கணக்கில் நடமாடிக்கொண்டிருந்து, பிறகுதான் மூச்சு வாங்குகிறது என்று வந்து சேரும்.

16 மார்ச் 2024

மாத்திரையைப் பற்றி. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். அரை மாத்திரையே கொல்லப் போதுமானது. யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது, ஆனால் நேரம் கடந்தால் பயன்படாது. நாம் வலிக்கு விழுங்கும் இபுபுரூஃபெனும் டைக்ளோஃபினாக்கும் நாய்களின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் கேட்டையும் உண்டாக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்கினால், இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் அழிந்தன என்பதால் 2006இல் அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தார்கள். நம் மருந்துப்பெட்டியில் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது.

புண்ணுக்கு மஞ்சள்தூள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் என்று பட்டியல் போட்ட மூவருக்கும் ஒரே பதில்: முதலிரண்டும் சமையலறையிலேயே இருக்கட்டும். மூன்றாவது எங்கும் வேண்டாம். கிருமிநாசினி திரவங்களில் தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுப்பவை பூனைக்கு ஆகாது, நக்கினால் நாக்கே வெந்துபோகும். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவினால் போதும். போவிடோன் அயோடின் போடுவதானால் இளந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் கலக்க வேண்டும்.

2 ஏப்ரல் 2024

விழுதலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் கடியை விட்டுவிட்டோம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் இடையில் ஒரு கேட்டின் அளவுதான் தூரம், அந்தக் கேட்டும் பால்காரர் வரும்போது திறந்திருக்கும். எங்கள் நாய் மாடிப்படியில் எப்போதும் எனக்கு முன்னால் ஏறி, மேல்படியில் நின்று நான் வருவதைப் பார்க்கும். ஒரு வாரம் அது என் பின்னால் வரத் தொடங்கியது. சாப்பாட்டில் குறைவில்லை, வால் ஆட்டுவதிலும் குறைவில்லை. வீட்டில் மற்றவர்கள் வயதாகிறது என்றார்கள். எனக்கு அந்தப் படி வரிசை மட்டும் உறுத்தியது.

அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மூக்கிலிருந்து வால்வரை, முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக விரல்களை ஓட்டிப் பார்த்தேன். இடது தொடையின் உட்புறத்தில் ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தது. அங்கே நான்கைந்து முடிகள் ஒட்டிக்கொண்டு குச்சியாக நின்றன. அதை விலக்கினால் கடுகளவு பொருக்கு, பொருக்குக்குக் கீழே அழுத்தினால் அமுங்கும் வீக்கம். கோரைப்பல் ஊசியாக இறங்கி வெளியேறிவிடும், மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே இறங்கிய கிருமி இரண்டு முதல் ஐந்து நாளில் சீழ்க்கட்டியாகும். பூனைகள் சண்டையிட்ட பிறகு வருவதும் இதே வகைதான். நாமே பிதுக்கக் கூடாது. மருத்துவர் கீறிவிட்டு, உள்ளே கழுவி, ஆன்டிபயாடிக் கொடுத்தார். நாய் மறுபடியும் எனக்கு முன்னால் ஏறுகிறது, நான்தான் மெதுவாக ஏறுகிறேன்.

ஆகவே, உடம்பில் காயத்தைத் தேடுவதற்கு முன் வழக்கத்தில் எது மாறியது என்று தேடுங்கள். படுக்கும் பக்கம், ஏறும் திண்ணை, உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் நேரம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்குவது, தொட்டால் திரும்பிப் பார்ப்பது. இவற்றைக் கவனிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை, அந்த வீட்டில் குடியிருந்தால் போதும். வாரம் ஒருமுறை நலமாக இருக்கும்போதே உடம்பு முழுவதும் தடவிப் பழக்கினால், எது புதிய மேடு, எது பழைய மரு என்று கை சொல்லிவிடும்.

கடித்த நாய் எதுவென்று தெரியாவிட்டால் உங்கள் நாய் ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி மறுபடியும் போட வேண்டும். கடித்த நாயின் எச்சில் பட்ட உங்கள் கையில் கீறல் இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோயில் பொறுத்துப் பார்ப்பது என்பதே கிடையாது.

3 ஏப்ரல் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், ஈறு வெளுத்திருந்தால் உள்ளே இரத்தக்கசிவு என்று சேர்த்திருக்கிறார். சரியே, விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பி வர வேண்டும் என்பதும் சரியே. ஆனால் நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பு. அவற்றுக்குக் கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

நாயின் வாயைத் துணியால் கட்டிவிட்டுத் தொடுங்கள் என்று இன்னொருவர் எழுதியிருப்பதையும் ஏற்கிறேன். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டக் கூடாது.

21 ஏப்ரல் 2024

காசிமேட்டு வாசகர் ஒருவர் தம் பூனை எச்சில் ஒழுக்குகிறது, சாப்பிடவில்லை, மீன் முள் குத்தியிருக்குமா என்று கேட்கிறார். இருக்கலாம். ஆனால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பூனை என்றால் நான் முதலில் நாக்குக்கு அடியில் பார்ப்பேன். தூண்டில் முள்ளோடு சேர்ந்த நைலான் நரம்பு, தையல் நூல், பூ கட்டும் நூல் ஆகியவை நாக்கின் அடியில் வளையமாக மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடல்வரை போயிருக்கும். ஒரு கையால் தலையை மேலே தூக்கி, மறுகையின் கட்டைவிரலால் இரண்டு தாடை எலும்புகளுக்கு நடுவே வெளியிலிருந்து மேல்நோக்கி அழுத்தினால் நாக்கு உயரும், அடியில் ஒரு கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம்.

தெரிந்தால் இழுக்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும். முன்னால் இழுக்கும் நூல், மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும் குடலை உள்ளே அறுத்துவிடும். ஆசனவாயில் நூல் தொங்கினாலும் இதே விதிதான். வெறும் வயிற்றோடு எடுத்துச்செல்லுங்கள். வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனையோ, உங்களுக்கு எது முதலில் எட்டுமோ அது. (வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது. எங்கள் பாட்டிக்குக் கடைசிவரை அது மாட்டாஸ்பத்திரிதான்.)

14 மே 2024

கோடை விடுமுறை தொடங்கியதும் புறாக்காரர்களின் கேள்விகள் வந்துவிட்டன. கண்ணாடித்தூள் பூசிய பட்டநூலான மாஞ்சாவுக்குச் சென்னையில் தடை இருக்கிறது, வானத்தில் மாஞ்சாவும் இருக்கிறது. வியாசர்பாடியிலிருந்து எழுதிய நண்பர், பந்தயப் புறா திரும்பி வந்தது, சிறகில் காயமில்லை, தண்ணீர் குடித்ததும் மார்பு இறகு மட்டும் நனைகிறது, தொட்டியில் குளித்திருக்கும் என்கிறார். குளித்த புறாவுக்கு முதுகும் சிறகும் நனையும். குடித்த பிறகு மார்பு மட்டும் நனைந்தால், தின்றதைச் சேர்த்துவைக்கும் தீனிப்பை கிழிந்திருக்கிறது, குடித்த தண்ணீர் அந்தக் கிழிசல் வழியே வெளியே வருகிறது. இறகை ஊதி விலக்கிப் பாருங்கள், நூல் அறுத்த இடம் மெல்லிய கோடாக இருக்கும், அதன் ஓரத்தில் ஒரு தானியம்கூட ஒட்டியிருக்கலாம். தீனிப்பையும் தோலும் தனித்தனி அடுக்கு, இரண்டையும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். வீட்டு ஊசியால் தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் தீனி உள்ளே கசிந்து அழுகும்.

தோலுக்கடியில் காற்று நிரம்பிப் பறவை ஒரு பக்கம் உப்பியிருந்தால் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை கிழிந்திருக்கிறது என்று பொருள். பறவையைப் பிடிக்கும்போது மார்பை அழுத்தாதீர்கள். அதற்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே.

பச்சைக்கிளிக்கு அடிபட்டது, மருத்துவரிடம் போகப் பயமாக இருக்கிறது என்று பெயரில்லாமல் எழுதியவருக்கு: பயத்தின் காரணம் புரிகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். அதனாலேயே வட சென்னையில் பாதிக் கிளிகளின் உடைந்த சிறகு கூண்டுக்குள்ளேயே கோணலாகச் சேர்ந்துவிடுகிறது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி, அங்கே சிகிச்சையும் கிடைக்கும்.

8 ஜூலை 2024

அடியே படாமல் கன்றல் வருமா என்று கேட்டவருக்கு: வரும். நாயின் வயிற்றில், காதின் உட்புறத்தில் செந்நிறப் புள்ளிகளோ ஊதா நிறத் திட்டுகளோ தெரிந்தால், யார் உதைத்தது என்று பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகுமுன் உண்ணியைத் தேடுங்கள். உண்ணிக் காய்ச்சலில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து தானாகவே கசியும். எலி மருந்து தின்ற எலியைத் தின்றாலும், மருந்தையே தின்றாலும் இரத்தம் உறையாமல் போகும், அதுவும் உடனே தெரியாது, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தெரியும். இந்த வகை எலி மருந்துக்கு வைட்டமின் கே1 மாற்றுமருந்து. வேறு வகைகளுக்கு மாற்றே இல்லாததும் உண்டு, ஆகவே மருந்துப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப்போங்கள்.

கண்ணை இடுக்கிக்கொள்ளும் பக் நாய்க்கு வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை விட்டதாக எழுதியவர், அந்தக் குப்பியில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள். கருவிழியில் கீறல் இருந்தால் ஸ்டீராய்டு சொட்டு அதை ஆழமாக்கும். மருத்துவர் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றைவிட்டுப் பார்த்து நொடியில் கீறலைக் காட்டிவிடுவார்.

1 நவம்பர் 2024

தீபாவளிக்கு மறுநாள் எப்போதும் வரும் கதைதான். வெடிச்சத்தத்தில் ஓடிய நாய் எண்ணூர் நெடுஞ்சாலையில் மோதப்பட்டு, நடந்தே வீடு திரும்பியிருக்கிறது. நடந்து வந்ததே என்று நிம்மதி அடையாதீர்கள், அச்சத்தில் உடம்பு வலியை மறைக்கும். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால், நாய் சில மணி நேரம் சாதாரணமாக இருந்துவிட்டுப் பிறகு சரிந்து விழும். தூக்கும்போது பலகையோ தடித்த போர்வையோ பயன்படுத்துங்கள். கால் நகங்களைப் பாருங்கள், வண்டி உரசி இழுத்திருந்தால் நக நுனிகள் தேய்ந்து நார்நாராக இருக்கும். அது ஒன்றே மோதல் நடந்ததற்குச் சாட்சி.

மழைக்காலமும் தொடங்கிவிட்டதால் இன்னொன்று. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது கால்வரை எண்ணெயில் நனைந்த நாய்களைச் சிலர் மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தார்கள். அது தோலை இரண்டாம் முறை எரிப்பதாகும். பாத்திரம் துலக்கும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும், உலரும்வரை நக்கவிடாமல் கழுத்துக்குக் கூம்பு மாட்டுங்கள். நக்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஈக்களும் பெருகும். காதுக்குப் பின்னால், வாலடியில், ஆசனவாய் ஓரத்தில் சின்ன ஓட்டை தெரிந்து, கெட்ட வாடை வந்தால் உள்ளே புழு வைத்திருக்கும். டர்பன்டைன் ஊற்றிப் புழுவை வெளியேற்றும் பழக்கம் நாய்க்கே முரட்டு வைத்தியம், பூனைக்கு ஆபத்து. புழுவை ஒவ்வொன்றாக எடுத்து, இறந்த சதையை அகற்றி, ஆழத்தைக் கழுவி முடிக்க மருத்துவருக்கே நேரம் பிடிக்கும்.

19 நவம்பர் 2024

வாடை என்றதும், கொருக்குப்பேட்டை வாசகி தம் நாய்க்குட்டியின் கழுத்திலிருந்து ஒரு வாரமாக வாடை வருகிறது, குளிப்பாட்டியும் போகவில்லை என்கிறார். அக்கா, குட்டிக்குக் கண்ணேறு படக் கூடாதென்று கறுப்புக் கயிறு கட்டினீர்களா? கட்டியபோது இரண்டு மாதக் குட்டி, இப்போது ஐந்து மாதம் என்றால் கழுத்து வளர்ந்திருக்கிறது, கயிறு வளரவில்லை. முடியை விலக்கிக் கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். கயிறு தட்டுப்படாமல், அது இருந்த இடத்தில் ஈரமான பள்ளம் தட்டுப்பட்டால், கயிறு தோலுக்குள் இறங்கி அதன்மேல் சதை மூடத் தொடங்கியிருக்கிறது. வீட்டில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள், மயக்கமருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், கழுத்து நரம்புகள் அருகிலேயே ஓடுகின்றன. பிள்ளைகள் விளையாட்டாகக் காலில் மாட்டிய ரப்பர் வளையமும் இதையேதான் செய்யும்.

20 நவம்பர் 2024

கயிறு எடுத்தாயிற்று, தையல் போட்டிருக்கிறார்கள் என்று அக்கா எழுதியிருக்கிறார். தையல் பிரிக்கும்வரை கழுத்துப் பட்டை வேண்டாம். வெளியே அழைத்துப்போக மார்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை வாங்குங்கள், அதையும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக மாட்டி, குட்டி வளரும்வரை வாரந்தோறும் சரிபாருங்கள். கறுப்புக் கயிறு கட்டாமல் மாமியார் விடமாட்டார் என்றால் குட்டி தூங்கும் கூண்டின் கதவில் கட்டிவிடுங்கள். கதவு வளராது.